இரண்டு சுற்று தளர்ந்த பெல்ட்

தனிஸ்லாஸ் தன் அறுபத்திரண்டு வயதுக்குள் எத்தனையோ ஃபேன்களுக்கு பெல்ட் மாட்டியிருக்கிறார். அவற்றில் வேண்டுமென்றே தளர்த்தி வைத்தது ஒன்றே ஒன்றைத்தான். அந்த ஒன்றால் அவருக்குக் கல்யாணம் ஆனது. அதே ஒன்றால் இன்னொரு பெண்ணுக்கு வேலை போனது. கல்யாணம் ஆன கதை முத்தியால்பேட்டை முழுக்கத் தெரியும். வேலை போன கதையை அவர் பாவசங்கீர்த்தனத்தில்கூட முழுசாகச் சொன்னதில்லை. "ஒரு பொய் சொன்னேன் சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவார். என்ன பொய் என்று எந்தச் சாமியாரும் கேட்டதில்லை.

ஃபேன் என்றதும் வீட்டில் தலைக்கு மேலே சுற்றுகிற சமாசாரத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது வேறு ரகம். மில், பேக்கரி, கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு என்று அனல் அடிக்கிற இடங்களில் சூட்டையும் புகையையும் உறிஞ்சி வெளியே தள்ளுகிற ராட்சசன். மோட்டார் ஒரு பக்கம், ஃபேன் ஒரு பக்கம், இரண்டையும் இணைத்து ஜோடியாக ஓடும் ரப்பர் பெல்ட். இறுக்கம் சரியாக இருந்தால் அது ஓடுவதே தெரியாது. தளர்ந்தால் வழுக்கும். வழுக்கினால் கிறீச்சென்று கத்தும். கத்தக் கத்த ஃபேனின் வேகம் குறைந்து, சூடு உள்ளேயே தங்கிவிடும்.

இந்த வேலையில் தனிஸ்லாஸுக்கு இரண்டு பிடிவாதங்கள். ஜோடியில் ஒரு பெல்ட் அறுந்தால் இரண்டையும் மாற்றுவார். "இன்னொண்ணு நல்லாத்தானே இருக்குது, ஓடட்டுமே" என்று எந்த முதலாளியாவது வாயைத் திறந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பழைய பெல்ட் நீண்டு போயிருக்கும், புதுசு ஒன்றே மொத்தப் பாரத்தையும் இழுக்கும், ஒரே மாதத்தில் அதுவும் போய்ச் சேரும். இது புரியாத ஜென்மங்களிடம் என்ன பேச்சு? இரண்டாவது பிடிவாதம், பெல்ட் மாட்டிய மூன்றாம் நாள் கூப்பிடாமலேயே மறுபடி போய் நிற்பார். புது பெல்ட் ஓட ஓடக் கொஞ்சம் நீளும். கட்டை விரலால் நடுவில் அழுத்திப் பார்ப்பார், போல்ட்டைத் திருகுவார், மூடியில் சாக்பீஸால் தேதி எழுதுவார், வந்துவிடுவார். இதற்குக் கூலி கிடையாது. "மனுஷன்னா இப்படி இருக்கணும்யா" என்று பேக்கரிக்காரர்கள் மெச்சுவார்கள். அவர் மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்.

அந்த ஒரு பெல்ட் ஓடிய மில்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு அங்கே கேட்டில் ஒரு பூட்டும் உள்ளே முட்செடியும்தான் மிச்சம். ஆனால் தனிஸ்லாஸுக்கு இருபத்தாறு வயதாக இருந்தபோது காலைச் சங்கு ஊதினால் முத்தியால்பேட்டையே சைக்கிளில் ஏறும். ஹேண்டில்பாரில் சோற்றுத் தூக்கு ஆட, மணியடித்துக்கொண்டு, ஒருத்தனை ஒருத்தன் கேலி பேசிக்கொண்டு, அடேயப்பா, என்ன ஒரு போக்கு அது! ஒன்பது மணிக்கு கேன்டீனில் போண்டா போடுவார்கள். இன்றைக்கும் எந்தக் கடையில் போண்டா வாங்கினாலும் தனிஸ்லாஸ் பாதியைத் தின்றுவிட்டு வைத்துவிடுவார். அந்த ருசி இல்லையாம். எப்படி இருக்கும்? அதைத் தின்ற இருபத்தாறு வயது வாய் இப்போது எங்கே இருக்கிறது?

அங்கே மிஷின் பழுது பார்க்கிற பிட்டராக இருந்தார் தனிஸ்லாஸ். பிட்டர்களுக்கெல்லாம் தலைவர் அமலோர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர், ஆகவே எல்லோருக்கும் அவர் முசே, அதாவது ஐயா. பேசுவதெல்லாம் தமிழ், விரட்டுவது மட்டும் பிரெஞ்சு. "வித், வித்!" என்று கையைத் தட்டுவார். சீக்கிரம் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இருபது பேரை ஏணியில் ஏற்றி இறக்குவார்.

நூல் சுற்றும் பகுதியில் முழுக்கப் பெண்கள். மிஷின் போடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே கையால்தான் பேச்சு. வயிற்றைத் தட்டினால் சாப்பாட்டு நேரம். தோளில் இரண்டு விரலை வைத்தால் மேஸ்திரி வருகிறார். காது மடலைக் கிள்ளினால் ஃபேன் பெல்ட் கத்துகிறது. இதெல்லாம் அந்த மில்லின் சொந்த பாஷை. அடுத்த மில்லுக்காரிக்குக் காட்டினால் காதில் எறும்பு கடித்துவிட்டது என்றுதான் நினைப்பாள்.

ஒருநாள் அந்தப் பகுதி ஃபேன் கத்தியது. மேஸ்திரி ஒரு பெண்ணைப் பிட்டர் ரூமுக்கு அனுப்பினார். அவள் வாசலில் நின்று தனிஸ்லாஸைப் பார்த்துக் காது மடலைக் கிள்ளிக் காட்டினாள். வாயால் சொன்னால் ஆகாதா? பிட்டர் ரூமில்தான் இரைச்சலே இல்லையே! பழக்க தோஷம், கிள்ளினாள். கிள்ளியபோது சின்னக் கல் கம்மல் ஒன்று ஆடியது. அவ்வளவுதான், தொலைந்தார் மனிதர். அந்தப் பெண்தான் ஸ்டெல்லாமேரி.

அதற்கப்புறம் அவர் செய்த வேலையைக் கேளுங்கள். திங்கட்கிழமை பரிசோதனைக்குப் போவார். மோட்டாரை இழுத்துப் பிடிக்கிற போல்ட்டை இறுக்குவதற்குப் பதிலாக இரண்டு சுற்று தளர்த்திவிட்டு வருவார். புதன்கிழமைக்குள் பெல்ட் கத்தத் தொடங்கும். ஸ்டெல்லாமேரி வாசலில் வந்து காதைக் கிள்ளுவாள். இவர் போய் ஏணியில் ஏறி, ஐந்து நிமிஷ வேலையை அரைமணி நேரம் செய்வார். ஆறு மாசத்தில் அந்த ஒரு ஃபேன் கத்தின கத்தல் மில்லில் வேறெதுவும் கத்தியிருக்காது. "உன் கையில என்னடா கோளாறு?" என்று அமலோர் முசே ஒருதரம் கேட்டார். "பெல்ட்டு சரியில்லைங்க முசே" என்றார் தனிஸ்லாஸ், முகத்தைப் பால் குடிக்கிற பிள்ளை போல வைத்துக்கொண்டு.

ஸ்டெல்லாமேரிக்கு அடுத்த மிஷினில் நின்றவள் கண்ணகி. கனகசெட்டிக்குளத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவள். வீட்டில் மீன் கூடை தொடாத முதல் ஆள் அவள்தான். விடிவதற்குள் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவாள். நிரந்தரம் ஆகாத பதிலி, இன்னும் இரண்டு மாசம் ஒழுங்காக ஓட்டினால் நிரந்தரம். வாய் ஓயாத பெண். தனிஸ்லாஸ் ஏணியோடு உள்ளே வந்தால் போதும், தன் இரண்டு காதையும் கிள்ளிக்கொண்டு ஸ்டெல்லாமேரியைப் பார்த்துக் குலுங்குவாள். ஸ்டெல்லாமேரி நூலைப் பார்ப்பது போல் குனிந்துகொள்வாள்.

அது நல்ல கத்திரி வெயில் மாசம். ஸ்டெல்லாமேரி மூன்று நாள் லீவில் போய்ச் சனிக்கிழமைதான் திரும்பி வருவதாக இருந்தது. திங்கள் வரை பொறுக்க முடியுமா மனிதரால்? வெள்ளிக்கிழமையே போய் இரண்டு சுற்று தளர்த்திவிட்டு வந்தார். சனிக்கிழமை காலை சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு வந்து காத்திருந்தால், பாய்லர் பக்கம் ஏதோ கோளாறு என்று அமலோர் முசே "வித், வித்!" என்று பிட்டர்கள் அத்தனை பேரையும் அங்கே துரத்திவிட்டார். ஃபேன் கத்தியது. ஸ்டெல்லாமேரி வந்து பிட்டர் ரூமை எட்டிப் பார்த்தாள். ஆள் இல்லை. போய்விட்டாள். வழுக்கி வழுக்கிச் சூடேறின பெல்ட் இரண்டும் பத்தரை மணிக்கு உருவிக்கொண்டு விழுந்தன. ஃபேன் நின்றது.

காற்று பட்டால் நூல் அறும் என்று அங்கே ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள். கண்ணகியின் மிஷின் ஃபேனுக்கு நேர் கீழே, கோடி மூலையில். கூடம் முழுவதிலிருந்தும் ஃபேன் இழுத்துக்கொண்டு வருகிற அனல் வெளியே போக வழியில்லாமல் அந்த மூலையில்தான் தேங்கியது. மற்ற பெண்கள் முறை வைத்துக் கதவருகே போய் மூச்சு வாங்கினார்கள். கண்ணகி நகரவில்லை. மிஷினை விட்டு நகர்ந்தாள் என்று பேரேட்டில் ஏறினால் நிரந்தரம் போய்விடுமே! பதினொன்றே கால் வரைக்கும் நின்றாள். அப்புறம் விழுந்தாள்.

மில் டாக்டர், "சூட்டில் நின்று வேலை செய்ய உடம்பில் தெம்பில்லை" என்று எழுதிவிட்டார். திங்கட்கிழமை கேட்டில் கண்ணகியை உள்ளே விடவில்லை. பெல்ட் எப்படி கழன்றது என்று விசாரணை வந்தபோது, "பழைய பெல்ட்டு, நீண்டு போச்சு" என்று தனிஸ்லாஸ் சொன்னார். அமலோர் முசே ஏணியில் ஏறிப் போல்ட்டைப் பார்த்தார். ஸ்பானர் பட்ட இடம் பளபளவென்று இருந்தது. இறங்கி வந்தார். இரண்டு நாள் கழித்து, "கல்யாணத்த சீக்கிரம் முடிச்சுத் தொலைடா" என்று மட்டும் சொன்னார்.

"பாவம் கண்ணகி. அவ உடம்பு அவ்ளோதான் போல" என்று ஸ்டெல்லாமேரி அழுதாள். "ம்" என்றார் தனிஸ்லாஸ். அந்த "ம்"மைத்தான் முப்பத்தாறு வருஷமாக முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருந்தார். கல்யாணம் நடந்தது. லினெட் பிறந்தாள், வளர்ந்தாள். அவள் கல்யாணப் பந்தியில்கூட ஸ்டெல்லாமேரி எழுந்து நின்று, "எங்க ரெண்டு பேத்தையும் சேத்து வெச்சது மாதாவும் தானாக் கத்துன ஒரு பெல்ட்டும்" என்று கதை சொன்னாள். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். தனிஸ்லாஸும் சிரித்தார். மில் பாதியில் மூடி, பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஃபேன் பார்க்கப் போக ஆரம்பித்த பிறகும் இந்தக் கதை மட்டும் ஸ்டெல்லாமேரிக்கு அலுக்கவே இல்லை.

போன ஆவணியில் ஒரு முகூர்த்த நாள். காலையில் போன் வந்தது. தவளக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மேனேஜர், புருஷோத்தமன் என்று பேர் சொன்னார்.

"பெரியவரே, சாயங்காலம் ரிசப்ஷன். சமையல்கட்டு ஃபேனு காதப் பொளக்குது. ஒரு எட்டு வந்துட்டுப் போயிடுங்க."

"பெல்ட்டு எத்தினி ஓடுது? நம்பரு இன்னா போட்டிருக்குது, பாத்துச் சொல்லுங்க. ஜோடியாத்தான் மாத்துவேன், சொல்லிட்டேன்."

"எத்தினி வேணா மாத்துங்க. சமையல்காரம்மா என்னை உண்டு இல்லைன்னு பண்ணுது."

தனிஸ்லாஸ் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தாகியிருந்தது. சமையல்கட்டில் நான்கு அடுப்பு. ஒன்றில் பெரிய உருளி, அதில் காசிலிங்கம் என்ற ஆள் கோதுமை அல்வாவுக்குப் பால் ஊற்றித் துடுப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். வாசல் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே ஆட்டி வைத்துக்கொண்டிருந்தாள். "காசி, தீயக் கொற! ஏய் சுலோசனா, முருங்கக்காய அவ்ளோ நீட்டா நறுக்கினா யாரு வாயில போவும்?" மேலே ஃபேன் கிறீச்சென்று அலறியது.

அந்த அம்மாள் தனிஸ்லாஸின் கையிலிருந்த பையைப் பார்த்தாள். நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தாள். தன்னையறியாமல் காது மடலைக் கிள்ளிக் காட்டினாள்.

தனிஸ்லாஸ் அப்படியே நின்றுவிட்டார். இந்த உலகத்தில் இந்தச் சைகை ஒரே ஒரு கூடத்துப் பெண்களுக்குத்தான் தெரியும்.

"ஏம்மா, நீங்க மில்லுல இருந்தவங்களா?"

"ஆமா. உங்களுக்கு எப்பிடி..." அவள் கண்ணைச் சுருக்கினாள். அப்புறம் எழுந்தே விட்டாள். "ஐயே! பிட்டரு! நம்ம ஸ்டெல்லா வூட்டுக்காரரு! என்னத் தெரியல? கண்ணகிதாண்ணா நானு!"

தெரியாமலா? தனிஸ்லாஸ் வாயைத் திறந்தார். ஆனால் கண்ணகி விட்டால்தானே! ஸ்டெல்லா எப்படி இருக்கிறாள், இன்னும் அந்தக் கல் கம்மலைத்தான் போடுகிறாளா, எத்தனை பிள்ளை, அந்த கேன்டீன் போண்டா ஞாபகம் இருக்கிறதா என்று கொட்டித் தீர்த்தாள். வயிற்றைத் தட்டினாள், தோளில் இரண்டு விரல் வைத்தாள், ஒவ்வொரு சைகையாகச் செய்து காட்டி வாய்விட்டுச் சிரித்தாள். தனிஸ்லாஸும் சிரித்தார். பொய்யில்லை, அந்த ஐந்து நிமிஷம் அவர் எல்லாவற்றையும் மறந்துதான் சிரித்தார். இரண்டு பேருக்கும் அந்தச் சங்கு சத்தம் காதில் விழுந்தது.

பிறகு மாடிக்கு ஏறி, ஃபேனை நிறுத்தி, மூடியைக் கழற்றினார். இரண்டு பெல்ட்டும் வழுக்கி வழுக்கிக் கண்ணாடி போலப் பளபளத்தன. யாரோ மாட்டிவிட்டுப் போனதோடு சரி, மறுபடி இறுக்கவே இல்லை. கழற்றி எடுத்துக்கொண்டு, பையில் இருக்கும் புது ஜோடியை எடுப்பதற்குக் கீழே வந்தார். அதற்குள் சமையல்கட்டில் அனல் ஏற ஆரம்பித்திருந்தது. கண்ணகி நாற்காலியை இன்னும் கொஞ்சம் வாசலை ஒட்டித் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அங்கயே உக்காந்துட்டிங்களே. அடுப்புகிட்ட போறதில்லியா?" ஏதாவது பேசவேண்டுமே என்று கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"நானா? நல்லா கேட்டிங்க போங்க. எனக்குத்தான் சூடு ஆவாதே. மில்லுலயே டாக்டரு எழுதிக் குடுத்தாரே, தெரியாதா? வூட்லயும் அன்னியோட எல்லாம் மாறிப்போச்சு. மயக்கம் போடற பொண்ணுன்னு பேரு. சொந்தப் படகு வெச்சிருக்கற எடத்துலேர்ந்து ஒரு சம்மந்தம் வந்துச்சு, கேள்விப்பட்டு வேணாம்னு போயிட்டாங்க, வேற எடத்துலதான் கட்டிக் குடுத்தாங்க. தேர் இழுக்கப் போனாக்கூட நெழல்ல உக்காருன்னுடுவாங்க. அப்புறம் காய் நறுக்கப் போனேன், அப்பிடியே சமையலு கத்துக்கிட்டேன். வாயாலதான் சமைக்கறேன்ணா. இருவது வருஷமா இந்த நாற்காலிலதான். எம் பொண்ணு கல்யாணத்துக்கு நானே ஒரு உருளி அல்வா கிளறணும்னு ஆசை. காசிதான் கிளறினாரு. இன்னா பண்றது, ஒடம்பு அப்பிடி."

சாதாரணமாகத்தான் சொன்னாள். மழை வரும்போல இருக்கிறது என்பது போல. புது பெல்ட் ஜோடியைக் கையில் பிடித்துக்கொண்டு தனிஸ்லாஸ் நின்றார். கண்ணகிக்கு வேலை போனது அவருக்குத் தெரியும். அதைத்தான் இத்தனை வருஷமாகச் சுமந்தார். ஆனால் அவள் தன் உடம்பையே நம்பாமல் முப்பத்தாறு வருஷம் ஒதுங்கியே கழித்திருப்பாள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. இப்போது வாயை மூடிக்கொண்டு மேலே போய் பெல்ட்டை மாட்டிவிட்டுப் போய்விடலாம். யார் கேட்கப் போகிறார்கள்? அமலோர் முசேயும் கல்லறைக்குப் போய்விட்டார். வாயைத் திறந்தால் ஸ்டெல்லாமேரி வரைக்கும் போகும். அவள் ஆசை ஆசையாகச் சொல்கிற கதை நாறிவிடும்.

"கண்ணகி" என்றார். "அந்த பெல்ட்டு தானா கழலல. நான்தான் ரெண்டு சுத்து லூஸ் பண்ணி வெச்சேன்."

"எந்த பெல்ட்டு?"

"அன்னிக்கு. மில்லுல."

கண்ணகி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எதுக்கு?"

"ஸ்டெல்லாவப் பாக்கறதுக்கு. கத்துனா அவதானே கூப்புட வருவா. வாரா வாரம் அதத்தான் பண்ணினு இருந்தேன். அன்னிக்கு பாய்லராண்ட போயிட்டேன். யாருகிட்டயும் சொல்லல. பழைய பெல்ட்டுன்னு பொய் சொல்லிட்டேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். கண்ணகி திட்டவில்லை. நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப எனக்கு ஒடம்புல ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணும் இல்லம்மா. சுத்தமா ஒண்ணும் இல்ல. மொத்த அனலும் உன் தலை மேலதான் நின்னுச்சு. அந்த எடத்துல நான் நின்னிருந்தாலும் விழுந்திருப்பேன்."

கண்ணகி எழுந்தாள். முகத்தில் இரத்தம் ஏறியிருந்தது.

"விழுந்திருப்பியா? அப்ப நில்லு, பாப்பம்."

அண்ணாவும் போய்விட்டது, மரியாதையும் போய்விட்டது. அவரை அடுப்புப் பக்கம் இழுத்து நிறுத்தி, கையிலிருந்த பெல்ட் ஜோடியைப் பிடுங்கி ஆணியில் மாட்டினாள். "காசி, நீ வெளிய போ" என்று துடுப்பை வாங்கிக்கொண்டாள்.

"அம்மா, உங்களுக்கு ஆவாது..." என்று காசிலிங்கம் பதறினார்.

"போன்னு சொல்றேன்ல!"

சுலோசனாவும் முருங்கைக்காயை வாரிக்கொண்டு வெளியே ஓடினாள். கண்ணகி நான்கு அடுப்பையும் முழுசாகத் திருகிவிட்டாள். ஒன்றில் அல்வா, மற்றதில் சாம்பாருக்கும் சோற்றுக்கும் உலை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பத்தரை. பதினொண்ணே கால் வரைக்கும் இந்த எடத்த விட்டு நவரக் கூடாது. அன்னிக்கு நான் நவரல."

தனிஸ்லாஸ் நின்றார். முதல் பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. ஃபேன் இல்லாத கூடங்கள் அவருக்குப் புதிதா என்ன? கால் மணி நேரம் ஆனதும் சட்டை முதுகில் ஒட்டியது. உலை கொதித்து ஆவி கிளம்பியது. மேலே போக வழியில்லாத ஆவி கூரையில் முட்டி அப்படியே தலைமேல் இறங்கியது. மூச்சை இழுத்தால் சுடுசோற்றை விழுங்குவது போல் தொண்டையில் இறங்கியது. கண்ணகி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்து, அடியில் கொடுத்து, புரட்டிப் புரட்டிக் கிளறிக்கொண்டிருந்தாள். அல்வாவுக்கு நடுவில் கையை நிறுத்த முடியாது. நிறுத்தினால் அடிபிடித்துவிடும். நெய் ஊற்றினாள், கிளறினாள். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்ட, புறங்கையால் வழித்துவிட்டு, மறுபடியும் கிளறினாள்.

மில்லில் கண்ணகி நின்ற அந்த மூலையை அவர் இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். இத்தனை நாளும் அந்தச் சனிக்கிழமையை நினைத்தபோதெல்லாம் அவருக்கு நினைவில் வந்தது போல்ட்டும் பளபளப்பும் தன் பொய்யும்தான். இருபது வயதுப் பெண் ஒருத்தி, வாய் ஓயாத பெண், வாயை மூடிக்கொண்டு, நாக்கு வறள, நூல் அறுந்துவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றது வந்ததே இல்லை. கண் கரித்தது. வியர்வையா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. அழுகைதான்.

பத்து ஐம்பத்தைந்துக்குக் கடிகாரம் மங்கியது. சுவரைப் பிடிக்கப் போனார், சுவர் தூரத்தில் இருந்தது. வாசல் பக்கமாக இரண்டு எட்டு பின்னால் தள்ளாடிச் சாய்ந்தார். தொப்பென்று விழுந்தது கண்ணகியின் பிளாஸ்டிக் நாற்காலியில்.

"உக்காந்துட்டியா?" அவள் திரும்பவில்லை.

"ஆமாம்மா."

"தண்ணி பக்கத்துல இருக்குது பாரு. எடுத்துக் குடி."

குடித்தார். முகத்தில் அடித்துக்கொண்டார். கண்ணகி கிளறிக்கொண்டிருந்தாள். பதினொன்று ஆனது. பதினொன்று பத்து ஆனது. அல்வா பொன்னிறமாகி, நெய் கக்கி, உருளியை விட்டுத் திரண்டு சுருண்டு வந்தது. வாசலில் காசிலிங்கமும் சுலோசனாவும் கையைப் பிசைந்துகொண்டு எட்டிப் பார்த்தார்கள். மேனேஜர் புருஷோத்தமன் வந்து, "இன்னாங்க இது, ஃபேனு..." என்று ஆரம்பித்துவிட்டு, கண்ணகியின் முதுகைப் பார்த்ததும் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

கடிகாரம் பதினொன்றே காலைத் தாண்டியது. கண்ணகி அப்போதும் துடுப்பை விடவில்லை. இன்னும் பத்து கிளறல் கிளறினாள். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். புடவை உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் செக்கச்செவேலென்று இருந்தது. கால் ஊன்றி நேராக நின்றாள்.

"நான் விழல பாத்தியாண்ணா" என்றாள். சொல்லும்போதே உதடு கோணி, ஓவென்று அழுதாள். ஆறுதல் சொல்ல யாரும் கிட்டே போகவில்லை. தனிஸ்லாஸ் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆணியிலிருந்த பெல்ட் ஜோடியை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"போ. போயி மாட்டு. நல்லா இறுக்கி மாட்டு."

மாட்டினார். கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார், போல்ட்டை முடுக்கினார், மறுபடி அழுத்திப் பார்த்தார். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சத்தமில்லாமல் எடுத்தது. கீழே இருந்த அனல் மொத்தமும் அவர் முகத்தைத் தாண்டிக் கடலூர் ரோட்டுப் பக்கம் போயிற்று. சாக்பீஸால் மூடியில் தேதி எழுதினார்.

இறங்கி வந்தபோது கண்ணகி வாழை இலையில் ஒரு கை அல்வாவைச் சுடச்சுடப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் கூலி பேசவில்லை, அவளும் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை பேசவில்லை.

"இது ஸ்டெல்லாவுக்கு. நான் கிளறினதுன்னு சொல்லு. எப்பிடி கிளறினேன்னும் சொல்லு. மொதல்ல சொல்லு, அப்புறம் குடு."

"சொல்றேன்."

"மூணா நாளு வருவியா? புது பெல்ட்டு நீளும்னு மேனேஜருகிட்ட சொன்னியாமே."

"வருவேன்ம்மா."

"அவளயும் கூட்டினு வா."

தனிஸ்லாஸ் பொட்டலத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நெஞ்சில் சுட்டது. மொபெட்டை உதைக்கும்போது உள்ளே கண்ணகியின் குரல் கேட்டது. காசிலிங்கம் பழக்கத்தில் நாற்காலியைத் துடைத்து வாசலோரம் போட்டிருப்பார் போலிருக்கிறது.

"அத எடுத்து வெளிய போடு காசி. வழியில கெடக்குது, அடுப்பாண்ட போவ முடியல."